இரண்டு மணிக்குத் தீர்ப்பு

"முள்ளெல்லாம் எடுத்திட்டன். பயப்பிடாமல் சாப்பிடுங்கோ, தம்பி."

திரேசம்மா வாழையிலைப் பார்சலை வாங்குப் பலகையின் மேல் பிரித்துவைத்தார். வவுனியா நீதிமன்றத்தின் பின்விறாந்தை. மதிய இடைவேளை. இரண்டு மணிக்குத் தீர்ப்பு.

சட்டத்தரணி பிரதாபன் கறுப்புக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். தும்மினான்.

"வேண்டாம் அம்மா. நான் கடையில சாப்பிடுவன்."

"கடைச் சோறு என்ன சோறு? வீட்டில ஆர் சமைக்கிறது?"

"இப்ப ஆரும் இல்லை."

திரேசம்மா இன்னொரு பாரைமீன் துண்டை எடுத்து முள் நீக்கத் தொடங்கினார். பிரதாபன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

திரேசம்மாவின் கணவர் மரியநேசன் உட்காரவில்லை. தூணைப் பிடித்தபடி நின்றார். முல்லைத்தீவுக் கரையில் அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கரைவலை இழுத்த இடம் ஒன்று இருந்தது. இடம்பெயர்ந்து திரும்பிய பிறகும் அங்கேதான் இழுத்தார்கள். நான்கு வருடங்களுக்கு முன் மீன்பிடித் திணைக்களம் கடிதம் அனுப்பியது. அந்தக் கரையில் உங்களுக்கு முன்பு உரிமை இருந்ததற்குப் பதிவு எதுவும் இல்லை, அனுமதி தரமுடியாது. அந்தக் கடிதத்தை இரத்துச் செய்யக் கேட்டுத்தான் வழக்கு. தோற்றால் கரை வேறொருவருக்குப் போய்விடும். கயிறு பிடிக்கிற இருபது பேரும் கூலி வேலை தேட வேண்டியதுதான்.

"தம்பி, காலையில ஜட்ஜ் ஐயா அந்தக் கொப்பியைப் பாத்திட்டுக் கண்ணாடியைக் கழட்டினவர். அது நல்லதுக்கோ, கெட்டதுக்கோ?"

"வழக்கைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் சட்டத்தரணி யோகநாதன் சேரும் பக்கத்தில இருக்கவேணும், ஐயா. சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கோ."

"சரி. சாப்பாடு எப்பிடி?"

"உப்புக் கொஞ்சம் கூட."

"பதட்டத்தில ரெண்டு தரம் போட்டிட்டன்," என்றார் திரேசம்மா. "விடிய நாலு மணிக்கு எழும்பினது."

"நல்லாத்தான் இருக்கு, அம்மா."

காலையில் பிரதாபன் நீதிபதியிடம் கொடுத்தது ஒரு பழைய பதிவேடு. 1978ஆம் ஆண்டு. ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது. உள்ளே மரியநேசனின் தகப்பன் பெயர், கரையின் எல்லை, வலையின் நீளம். இப்படி ஒன்று இல்லவே இல்லை என்று திணைக்களம் சத்தியக் கடதாசியில் எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தது. திணைக்களத்தின் களஞ்சிய அறையில் மூன்று நாள் தேடி அவன் அதைக் கண்டுபிடித்தான். அந்தத் தூசியின் தும்மல் இன்னும் நிற்கவில்லை.

"வழக்கைக் கதைக்கேல்ல, தம்பி. அப்புவைப் பற்றி ஒண்டு சொல்லலாமோ?"

"சொல்லுங்கோ."

"கொப்பியில அப்புவின்ர பேரைத் திரு. செபமாலை எண்டு வாசிச்சனீங்கள். அப்பு செத்து முப்பது வருசம். உயிரோட இருக்கேக்க அந்த மனுசனை ஒருத்தரும் 'திரு' எண்டு சொன்னதில்லை."

பிரதாபன் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

கையில் தேநீரோடு யோகநாதன் வந்தார். அந்த வழக்கின் மற்றச் சட்டத்தரணி அவர். தலை முழுவதும் நரை.

"என்ன ஐசே, பாரையோ? எனக்கு ஒரு முள்ளுக்கூட வரேல்ல."

"உங்களுக்குக் கொலஸ்ரோல், சேர்."

"மீனுக்கு என்ன கொலஸ்ரோல்? ஆளைப் பாத்துத்தான் போடுகினம்."

"வழக்கு முடியட்டும் சேர், உங்களுக்கும் தாறன்," என்றார் திரேசம்மா.

யோகநாதன் சிரித்தார். பிறகு பிரதாபனின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"உமக்கு இனி வழக்குகள் குறையும். தெரியுந்தானே? பன்னிரண்டு வருசமாய்க் கட்டின தொழில், ஐசே."

"தொழில் எண்டபடியால்தான் எடுத்துக் குடுத்தனான், சேர்."

யோகநாதன் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு மணிக்கு நீதிபதி வந்து அமர்ந்தார். வாசித்து முடிக்க ஆறு நிமிடம் ஆனது. திணைக்களத்தின் கடிதம் இரத்து. அனுமதி இந்தப் பருவத்துக்கே வழங்கப்பட வேண்டும்.

திரேசம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மரியநேசன் எழும்பி நேராக வந்து பிரதாபனின் இரண்டு கையையும் பிடித்தார். வலைக்கயிறு அறுத்த கைகள். மரத்தைப் போல இருந்தன.

"போங்கோ ஐயா," என்றான் பிரதாபன். "ஆக்கள் கரையில பாத்துக்கொண்டு நிப்பினம்."

அவர்கள் போன பிறகு விறாந்தையின் மூலைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தான். ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அழைத்தான்.

"பிரதாபன் கதைக்கிறன், சேர். தீர்ப்பு வந்திட்டுது. மரியநேசன் ஐயா வெண்டிட்டார்."

மறுபக்கத்தில் அதிகாரியின் கத்தல் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"அந்தக் கொப்பியை ஜட்ஜிட்ட குடுத்தது நீராம்! நீர் ஆரின்ர சட்டத்தரணி?"

"திணைக்களத்தின்ர சட்டத்தரணிதான், சேர்," என்றான் பிரதாபன். "மரியநேசன் ஐயாவுக்காகப் பேசினது யோகநாதன் சேர்."