புது பம்ப்பும் கிளம்பாத காரும்

ஊரிலிருந்து வந்திருந்த மகளின் காரில் திணறத் தொடங்கியிருந்த பெட்ரோல் பம்ப்பை மாற்றுவதற்கு முன், மெக்கானிக் அப்பா அதன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, குழாயில் அழுத்தம் தீர்ந்து தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டார். புது பம்ப்பை மாட்டியும் கார் கிளம்பவில்லை.

“ஒண்ணும் புரியலம்மா. நாளைக்குப் பாக்கலாம்” என்று தலையைச் சொறிந்தவர், சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனார்.

மகள் ஆபீசுக்கு லீவு சொன்னாள்.

துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் ஃபியூஸைக் கண்டதும் அம்மா ஓடிவந்தாள்.

“உங்கப்பா மறதியப் பாத்தியாடி! இதப் போடாம எப்படிக் கிளம்பும்?”

“மறதியாவது! நான் இன்னொரு நாள் இருக்கணும்னு வேணும்னே வெச்சிருக்கார்.”

“அட மனுஷா! இந்தா, போட்டுக்கிட்டுக் கிளம்பு.”

“ஸ்பேர் ஃபியூஸ் கார்லயே இருக்கும்மா. அப்பா அந்தப் பக்கம் போனதும் போட்டுப் பாத்தேன், ஜம்முனு கிளம்புச்சு. உடனே கழட்டிட்டேன். நீ சட்டைய நாளைக்குத் துவை.”