மைனா வாங்கிய பொந்து

"பங்குனிக்குள் பொந்தைக் காலி செய்து தருகிறேன்" என்று சொல்லி மைனாவிடம் அத்திப்பழங்களை வாங்கித் தின்ற கிளி, சித்திரை பிறந்தும் நகரவில்லை. முட்டையிடும் நாள் நெருங்கவே, மைனா பாழ்மண்டபத்தில் வழக்கு விசாரிக்கும் நாரையிடம் ஓடியது.

"கிளியின் வக்கீலுக்குத் தொண்டைக்கட்டாம். பௌர்ணமிக்கு வா" என்றது நாரை.

"ஐயா, முட்டை அதுவரை பொறுக்காதே."

நாரை அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டது.

வேறு வழியில்லாமல் மைனா அந்த மண்டபச் சுவரின் ஓட்டையிலேயே சுள்ளிகளைத் திணித்து முட்டையிட்டது. பௌர்ணமியன்றும் வாய்தாதான் கிடைத்தது. அதற்குள் குஞ்சுகள் பொரிந்துவிட்டன.

அடுத்த பௌர்ணமியன்று காலை நாரை தீர்ப்பை வாசிக்கத் தொடங்கியபோது, மூத்த குஞ்சு ஓட்டையின் விளிம்புக்கு வந்து சிறகை விரித்தது. "பொந்து மைனாவுக்கே" என்று நாரை முடிப்பதற்குள் குஞ்சு குதித்து, தள்ளாடி, எதிரே இருந்த வேப்பங்கிளையைப் பிடித்துவிட்டது. அதன் பின்னாலேயே மற்ற இரண்டும் பாய்ந்தன.

"வழக்கில் நீ ஜெயித்துவிட்டாய். எப்போது குடிபோகிறாய்?" என்று கேட்டது நாரை.

"கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்றது மைனா, வாசலைத் தாண்டிப் பறந்துகொண்டே. "என் பிள்ளைகள் பறக்கிறார்கள்."