பழைய சீஸுக்கு இனிப்பு ஒயின்

ஊர் முன்னால் தன்னை மட்டம் தட்டவேண்டும் என்று வெனான்சியோ கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறான் என்றுதான் எலாடியாவுக்குத் தோன்றியது.

திராட்சை அறுவடைத் திருவிழா. வெனான்சியோவின் ஒயின் கிடங்கில் ஊரே கூடியிருந்தது. ஊர்க்காரர்கள் செய்த செம்மறிப்பால் சீஸ் ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒயினை ஜோடி சேர்ப்பது வருஷா வருஷம் அவன் வேலை. இந்தத் தடவை தொலேதோ நகரத்திலிருந்து இலாரியோவும் வந்திருந்தார். பெரிய உணவகங்கள் நடத்துகிறவர். அவருக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க வியாபாரத்துக்குக் கவலையில்லை.

மற்றவர்களின் சீஸுக்கெல்லாம் நல்ல சிவப்பு ஒயினாக ஊற்றினான். கடைசியாக எலாடியாவின் முறை. நன்றாக முதிர்ந்து இறுகிய சீஸ். அவள் கொண்டுவந்திருந்த கட்டிகளில் ஒன்றை வெட்டினார்கள். முக்கோணத் துண்டுகள் எல்லாத் தட்டுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. வெனான்சியோ ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றவன் சட்டென்று நிறுத்தினான். அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த சிவப்பு ஒயினை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கறுப்பு இனிப்பு ஒயினோடு வந்தான்.

எலாடியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அது வெல்லப்பாகு மாதிரி இருக்கும். முதிர்ந்த சீஸோடு அதைக் குடிக்கிறவர்களும் உண்டுதான். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பவன் வெனான்சியோ.

வாயில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கேதான் சிக்கல். ஜனவரியில் வந்த காய்ச்சலோடு அவள் மூக்கு செத்துப்போயிருந்தது. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. மாட்ரிடில் இருக்கும் மகளிடம்கூட அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சீஸ்காரிக்கு மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் அப்புறம் எவன் வாங்குவான்? தட்டிப் பார்த்தும் அழுத்திப் பார்த்தும் இத்தனை மாசம் ஒப்பேற்றிவிட்டாள்.

அடுத்து அவன் செய்தது இன்னும் குழப்பியது. சீஸைக் கடித்துவிட்டுத்தான் ஒயினைக் குடிப்பார்கள். இவனோ தலைகீழாகச் சொன்னான்.

“மொதல்ல ஒயின். அதை வாய்லயே வெச்சுக்கிட்டு சீஸைப் போடுங்க.”

இவன் சொன்னால் ஊருக்கு வேதவாக்கு. எல்லோரும் அப்படியே செய்தார்கள். இலாரியோ இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். வெனான்சியோ ஏதோ பேச்சுக் கொடுத்தபடி தட்டை நகர்த்திவிட்டு, அவர் கோப்பையை நிரப்பினான்.

அதைப் பார்த்த எலாடியாவால் பொறுக்க முடியவில்லை.

“ஏன் வெனான்சியோ, விக்காமக் கெடக்கற சரக்கைத் தள்ளிவிட என் சீஸ்தான் கெடைச்சுதா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

“உங்கப்பா காலத்துலயும் இதே கதைதான். ஒயின் வாங்க வர்றவங்க வாய்ல மொதல்ல காட்டமான சீஸைத் திணிச்சுடுவாரு. அப்புறம் புளிச்ச ஒயினை ஊத்தினாலும் அவங்களுக்குத் தெரியாது. அந்தப் புத்தி உன்னை விடுமா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். வெனான்சியோவின் காது சிவந்தது. கூடவே படித்தவன், ஒயினைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் சண்டைக்கு வருகிறவன். இன்றைக்கு நன்றாகத் திருப்பித் தருவான் என்று அவள் காத்திருந்தாள்.

அவன் பாட்டிலைக் கீழே வைத்தான். “தப்புதான் எலாடியா. மன்னிச்சுக்கோ” என்றான்.

புறப்படும்போது இலாரியோ அவளிடம் வந்து, சீஸ் பிரமாதம், அடுத்த வாரமே ஆள் அனுப்புகிறேன் என்றார். வெனான்சியோவிடம் மட்டும், ஒயினைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எலாடியாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் எதற்காக மன்னிப்புக் கேட்டான் என்பதே மண்டையைக் குடைந்தது.

எல்லோரும் போனபிறகு, மீதி சீஸை எடுத்துப்போக உள்ளே வந்தாள். வெனான்சியோ அதைக் குப்பைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தான்.

“அடப்பாவி, அவமானப்படுத்தினது பத்தாதா?”

அவன் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“கத்தாத. இந்த ஒண்ணு உள்ளுக்குள்ள கெட்டுப்போயிருக்கு. ஒரே கசப்பு, ஆட்டுப்பட்டி நாத்தம். நான் வாய்ல போடறதுக்குள்ள எல்லார் தட்டுக்கும் போயிடுச்சு. நீ கொண்டுவந்த மத்த கட்டியையெல்லாம் இப்பத்தான் கீறிப் பாத்தேன். அதெல்லாம் அருமையா இருக்கு.”

எலாடியா ஒரு துண்டை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“உனக்கு மூக்கு இருந்திருந்தா இதை வாசப்படி தாண்ட விட்டிருப்பியா?” அவன் குரல் தணிந்தது. “எங்கப்பா மட்ட ஒயினுக்கு சீஸால முட்டுக் குடுத்தாரு. நான் இன்னிக்கு சீஸுக்கு ஒயினால முட்டுக் குடுத்தேன். எல்லா நாளும் இது நடக்காது.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இனிமே நான் என்னடா செய்வேன்?”

“சீஸ் செய்வ. இலாரியோவுக்கு அனுப்பறதுக்கு முன்னால தெனம் வந்து மோந்து பாத்துட்டுப் போறேன். ஏன் வர்றேன்னு ஊர்ல யாராவது கேட்டா, இன்னிக்குப் பண்ணினதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன்னு சொல்லிடு.”