ஆளில்லாத சமாதி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் சொல்கிற நாக்கு அழுகிப்போகட்டும். பினாங்கு சூலியா தெருக் காப்பிக்கடையில், காப்பி ஆறி ஆடை கட்டும்வரை, அய்யாக்கண்ணு தன் வாயாலேயே சொன்னது இது. அந்த வாயிலிருந்து ஒரு பொய் வந்ததாகத் அவர் கிராமமான தாசேக் கெலுகோர்க் கம்பத்தில் இதுவரை எவரும் சொன்னதில்லை.

ரப்பர் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறிய வருஷம். ஒரு வியாழக்கிழமை காலை, அய்யாக்கண்ணு உயிரோடு சமாதிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

"காலை மடக்கு தம்பி. பலகையை மூட வேணாமா?" என்றார் ஹபீபா பீவி. வாரந்தவறாமல் அந்தச் சமாதிக்கு விளக்கேற்றுகிறவர் அவர்தான்.

உண்மையில் அதில் யாரும் அடங்கவில்லை. நடுக்கடல் புயலில் தப்பிக் கரையேறியவர்கள், நேர்த்திக்கடனாக நாகூர் மண் ஒரு பிடியைக் குழியில் போட்டு, சுற்றிலும் செங்கல் கட்டி, பலகை மூடிப் பச்சைத்துணி போர்த்தியது. செங்கல் சுமந்தவர்களில் அய்யாக்கண்ணுவின் அப்பாவும் ஒருவர். இந்துவோ முஸ்லிமோ, கம்பத்தில் பிறக்கிற பிள்ளைக்குப் பேச்சு இனிக்கட்டும் என்று நாக்கில் முதல் சர்க்கரை வைப்பது அங்கேதான்.

இப்போது ரப்பர்த் தோட்டத்துக்குப் போடும் புது ரோடு அதன் நெஞ்சுக்கு நேராக வருகிறது. "ஆள் அடங்கின இடம்னா விட்டுடுவேன். வெறும் செங்கல்னா இடிச்சிடுவேன். வியாழக்கிழமை தொறந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார், ஜார்ஜ்டவுனிலிருந்து வந்த சர்வேயர் நல்லமுத்து.

கம்பமே கூடி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. உள்ளே ஓர் ஆள் படுத்துக்கொண்டு பலகையைத் தட்ட வேண்டும்.

"நானே படுத்திருவேன், வயிறு இடிக்குதுலா" என்றான் வேலு.

"நீ படுத்தா சும்மாவா இருப்பே? உள்ளேருந்து பாட்டுப் பாடுவே" என்றார் ஹபீபா பீவி.

"அதுவும் சரிதான். அய்யாக்கண்ணு அண்ணேதான் பாக்குமரம் மாதிரி ஒல்லி. அண்ணேகிட்ட போட்ட ரகசியமும் கெணத்துல போட்ட கல்லு, வெளிய வராது."

பலகை மூடியது. இருட்டு, ஈரமண், எங்கிருந்தோ ஊதுவத்தி வாசம். அய்யாக்கண்ணுவின் முழங்கால் செங்கலில் முட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முட்டவில்லை. யாரோ புரண்டு படுத்து இடம் விட்ட மாதிரி இருந்தது. பயத்தில் உடம்பு சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மேலே பூட்ஸ் சத்தம். கடப்பாரை பலகை இடுக்கைக் கடித்தது. தட்டுவதற்கென்று கொண்டுவந்திருந்த உலக்கைத் துண்டை அய்யாக்கண்ணு எடுத்தார். டொக். டொக்.

கடப்பாரைக்காரர்கள் பின்வாங்கினார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கமால், ஏற்கெனவே பேசி வைத்தபடி, "ஹந்து! பேய், துவான், பேய்!" என்று அலறினார். கொஞ்சம் கூடுதலாகவே அலறினார்.

நல்லமுத்து சிரித்தார். "பெருச்சாளிய்யா அது. தட்டுறதெல்லாம் ஆளா? உள்ள ஆள் இருந்தா வாயைத் தொறந்து பேசட்டும். ரோட்டைத் திருப்பிப் போட்டுட்டு நான் போயிட்டே இருக்கேன்."

அய்யாக்கண்ணுவுக்குப் பாம்புக்காது, ஹபீபா பீவியின் விரலில் தஸ்பீஹ் மணி உருளுவதுகூட உள்ளே கேட்டது. போச்சு, அப்பன் சுமந்த செங்கல் எல்லாம் போச்சு. தட்டுவதைத் தவிர அவர் கையில் வேறொன்றும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அப்போது பலகைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. நாகப்பட்டினத்து இழுவை, தூக்கம் கலைந்த எரிச்சல்.

"ரெண்டு பேரு படுத்திருக்கோம்பா. ஏற்கெனவே நெருக்கடி. மூடிட்டுப் போ."

நல்லமுத்துவின் தொப்பி ஒரு பக்கம் பறந்தது, ஆள் ஒரு பக்கம் ரப்பர்க்காட்டுக்குள் பறந்தார். அந்த வாரமே ரோட்டுக்கு அளந்து நட்ட முளைக்குச்சிகளைப் பிடுங்கினார்கள். ரோடு சமாதிக்கு வழிவிட்டு, வளைந்து போனது.

ஆனால் அந்த வியாழக்கிழமை ஊர் ஜெயித்த நேரத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கமால் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசி வைக்காத அலறல் ஒன்று அவர் தொண்டையில் சிக்கியிருந்தது. பலகையைத் தூக்கிய வேலு, "அண்ணே, நீங்களா..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

அய்யாக்கண்ணு வெளியே வந்தார். ஹபீபா பீவி அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் கிடந்த குழியைப் பார்த்தபடியே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பலகையை மெதுவா வை வேலு" என்றார். "சத்தம் கேக்கக் கூடாது."

அன்று முதல் அதை ஆளில்லாத சமாதி என்று கம்பத்தில் யாரும் சொல்வதில்லை.

சொல்ல விட்டுப்போனது ஒன்றே ஒன்று. அய்யாக்கண்ணு பிறவி ஊமை.