அழுகைக் காட்சி

மந்திரக் காட்டுப் படத்தின் இரண்டாம் பாகத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அட்டையில் செய்த அரண்மனை, கயிறு தெரியப் பறந்த குதிரை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் குட்டித் தேவதை “அம்மா” என்று கதறும் காட்சியை மட்டும் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

இயக்குநரே போனில் வந்தார். “சார், உங்க பொண்ணுதான் நம்ம மானத்தைக் காப்பாத்தியிருக்கா!”

தகப்பன் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். மகளை மடியில் இழுத்து உட்கார வைத்தான்.

“எப்படிடா கண்ணு அப்படி அழுத? கண்ணுல மருந்து ஏதாச்சும் போட்டாங்களா?”

“இல்லப்பா. கேமராவை ஓடவிட்டுட்டு டைரக்டர் மாமா பக்கத்துல வந்து, ‘உங்கம்மா ஆஸ்பத்திரியில செத்துட்டாங்க’ன்னார். அழுதுட்டேன்.”

மனைவி இறந்த அன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி இயக்குநருக்குப் போன் செய்தவன் அவன்தான். ‘குழந்தைகிட்ட எதுவும் சொல்லாதீங்க, உடனே அனுப்பி வைங்க’ என்று கெஞ்சியிருந்தான். மகள் வந்து சேர்ந்தது சாயங்காலம். வழியில் நெரிசல் என்றார்கள்.

“அப்புறம் என்னடா சொன்னார்?”

“ஷாட் முடிஞ்சதும், ‘சும்மா சொன்னேன், அம்மா நல்லாத்தான் இருக்காங்க’ன்னு சாக்லேட் குடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்ப்பா.”