ஒரு வீட்டில் ரெண்டு ஆன்டிவைரஸ்

"உங்கப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? போனே காணோமே?"

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "நேத்துகூடப் பேசினாரே!"

"உன்கிட்டயா?"

"பின்னே?"

பெரிய மாப்பிள்ளைக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து, மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தலைவலி, காய்ச்சல் எது வந்தாலும் அவருக்குத்தான் அழைப்பு. "மாப்ளே, ஸ்க்ரீன் இருட்டா இருக்கு" என்பார் மாமனார். அடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தால் சுவிட்ச் போட்டிருக்காது. "எப்பப் பாரு இதே ரோதனை" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டேதான் கிளம்புவார். ஆனால் தலையை மட்டும் அழகாக வாரிக்கொண்டு கிளம்புவார்.

"இப்பல்லாம் தங்கச்சி வீட்டுக்காரர் பார்த்துக்கிறார்" என்றாள் மனைவி. "நீங்க அலுத்துக்கிறீங்கன்னு நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். உங்களுக்கும் நிம்மதிதானே?"

நிம்மதியாம், நிம்மதி!

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாமனார் வீட்டில் சாப்பிடக் கூடினார்கள். புதுசாக வந்த சின்ன மாப்பிள்ளையை மாமியார் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

"சின்னவர் ஏதோ புது ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்தார். கம்ப்யூட்டர் என்னமா ஓடுது தெரியுமா! உங்க மாமா சர்க்குலரா அடிச்சுத் தள்ளுறார்."

மாமனார் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தண்ணீர்த் தொட்டி கழுவினாலும் சர்க்குலர், கழுவாவிட்டாலும் சர்க்குலர்.

"நான் போட்டது என்ன ஆச்சு?" என்றார் பெரியவர், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"அது காலாவதி ஆயிடுச்சுண்ணா" என்றார் சின்னவர். "மெஷினும் பழசு, மெமரி கம்மி. அதுக்கு ஒத்துப்போற மாதிரி நாலஞ்சு பார்த்துட்டு, லேசானதா ஒண்ணு போட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"சேச்சே! இதுல என்ன தம்பி இருக்கு?"

வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு என்ன பேர் வைப்பது? அந்த வீட்டில் அவர் வேலைக்கோ சம்பளத்துக்கோ யாரும் மயங்கியதில்லை. 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச மாப்பிள்ளை' என்ற அந்த ஒரு மரியாதைதான் இருந்தது. அதையும் இந்தப் பையன் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

எல்லாரும் பேச்சு சுவாரஸ்யத்தில் இருந்தபோது, "ஒரு மெயில் பார்த்துட்டு வந்துடறேன்" என்று உள்ளறைக்குப் போனார். தன்னுடைய ஆன்டிவைரஸை இறக்கினார்.

'இந்தக் கணினியில் ஏற்கெனவே வேறொன்று உள்ளது. முதலில் அதை நீக்கவும்' என்று திரை எச்சரித்தது.

அவருக்கா தெரியாது? ஒரே கம்ப்யூட்டரில் ரெண்டு ஆன்டிவைரஸ் ஆகவே ஆகாது. ஒன்றை ஒன்று வைரஸ் என்று சந்தேகப்பட்டுக் கழுத்தைப் பிடிக்கும். நடுவில் மெஷின் படுத்துவிடும். ஊருக்கெல்லாம் அவர் எடுக்கிற பாடமே அதுதான்.

படுக்கட்டும். புதுசாகப் போட்டவனுக்குத்தானே கெட்ட பேர்?

'தொடர்க' என்பதை அழுத்தினார். திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லாமே ருசியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"மாப்ளே! கம்ப்யூட்டர் ஊர்ந்து போகுது. ஒரு எழுத்தை அடிச்சுட்டு, காபி குடிச்சுட்டு வந்தாத்தான் அது ஸ்க்ரீனுக்கு வருது. கொஞ்சம் வர முடியுமா?"

தலையை வாரிக்கொண்டு கிளம்பினார்.

சின்னவரும் அங்கே இருந்தார். இன்னும் நல்லதாகப் போயிற்று. பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழும்படி உச்சுக் கொட்டினார்.

"தம்பி, விளம்பரத்தைப் பார்த்துட்டுக் கண்டதையும் இறக்கினா இப்படித்தான். மெஷினுக்கு ஒத்துவருதான்னு பார்க்க வேணாமா?"

"சாரிண்ணா. என் தப்புதான்."

சின்னவர் போட்டதைப் பிடுங்கி எறிந்தார். அணைத்து, மறுபடி போட்டார். கம்ப்யூட்டர் பழையபடி ஓடியது. மாமனாருக்கு வாயெல்லாம் பல்.

"இதுக்குத்தான் பெரியவர் வேணும்கிறது!" என்றார் மாமியார். முதல் காபி அவருக்குத்தான் வந்தது. சின்னவர் ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். பார்க்கப் பார்க்கக் குளுகுளு என்று இருந்தது.

லிஃப்ட் வரை மாமனார் கூடவே வந்தார்.

"மாப்ளே, சொல்ல வேணாம்னுதான் சின்னவர் சொன்னார். எனக்குத்தான் வயித்துல எதுவும் நிக்காதே. அவர் நேத்தே வந்து பார்த்துட்டார்."

"பார்த்துட்டு?"

"உள்ளே ரெண்டு இருக்கு, ஞாயித்துக்கிழமைதான் ரெண்டாவது ஏறியிருக்குன்னார்."

பெரியவர் லிஃப்ட் பட்டனை இன்னொரு தடவை அழுத்தினார்.

"அதெப்படி ஏறிச்சுன்னு கேட்டேன். 'சில சமயம் தானாவே ஏறிக்கும் மாமா'ன்னார். ஏறும்தானே மாப்ளே?"

"ம்..."

"சரி, நீங்களே எடுத்து விடுங்களேன்னேன். கையே வைக்கலை. 'அண்ணனைக் கூப்பிடுங்க, நீங்க கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு'ன்னுட்டார்."

லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது. பெரியவர் ஏறவில்லை.

"புதுசுதானே நல்லா ஓடிச்சு, அதையே வெச்சுக்கக் கூடாதான்னும் கேட்டுப் பார்த்தேன், மாப்ளே. அதுக்கு அவர் சிரிக்கிறார். 'ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும்னா அண்ணனோடதே இருக்கட்டும் மாமா. இந்த வீட்டுக்கு அவர்தானே முதல்ல வந்தவர்'ங்கிறார்!"