சீனி எது?

"விரத நாளிலை நான் வாயிலை வைக்கேலாது, பிள்ளை. சாமிக்குப் படைக்க முந்தி உமக்கும் ருசி பார்க்கக் குடுக்கேலாது."

கோசலை இரண்டு போத்தல்களை மேசையில் வைத்தாள். இரண்டிலும் மாவாக அரைத்த வெள்ளைத் தூள். ஒன்று உப்பு, ஒன்று சீனி. எது எதுவென்று மறந்துவிட்டதாம். அடுப்பில் பாயாசம் கொதித்துக்கொண்டிருந்தது.

"கீழ கடையில வாங்கிட்டு வரட்டுமா ஆன்ட்டி?"

"வீட்டிலை வைச்சுக்கொண்டு கடைக்கு ஏன்? கல்லு, பாறையெல்லாம் படிக்கிற பிள்ளை எண்டு மகன் சொன்னவன். உந்தப் பெட்டிக்குள்ளை என்ன, பூதக்கண்ணாடியோ?"

யாமினி பெட்டியைத் திறந்தாள். நாளை சார்செல் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆய்வகத்திலிருந்து எடுத்து வந்த மைக்ரோஸ்கோப் அது. 'முதலில் அம்மாவுக்கு உன்னைப் பிடிக்கட்டும், நம் கல்யாணப் பேச்சை அப்புறம் எடுக்கிறேன்' என்று வீரம் பேசி அனுப்பிய கோசலையின் மகன் கிருஷிகன், லா கூர்னெவ் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிட்டதாக இப்போதுதான் செய்தி அனுப்பியிருந்தான்.

"இதுல ஒளியை வடிகட்டுற தகடு கீழ ஒண்ணு, மேல ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. ரெண்டையும் குறுக்கா வச்சா எல்லாம் இருட்டாயிடும். சர்க்கரை, அதான் உங்க சீனி, அந்த இருட்டுலயும் கலர் கலரா மின்னும். உப்பை எப்படித் திருப்பினாலும் இருட்டுதான்."

"நாக்கு நொடியிலை சொல்லுறதுக்கு இவ்வளவு தளபாடமோ!"

முதல் போத்தலின் தூளைக் கண்ணாடித் துண்டில் தூவி, அதை வைத்த தட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். ஒரே இருட்டு.

"இது உப்பு ஆன்ட்டி!"

"அப்ப மற்றது சீனி. போடட்டோ?" கோசலை இரண்டாவது போத்தலைப் பானைக்கு மேலே சரிக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம், அதையும் பாத்துடறேன்."

பார்த்தாள். சுற்றினாள். மறுபடி சுற்றினாள். இதுவும் ஒரே இருட்டு.

"என்ன பிள்ளை, முழிக்கிறீர்? சீனிதானே?"

"வந்து… இதுவும் உப்பு மாதிரி…"

"முப்பது வருசமாச் சமைக்கிறன். ரெண்டு போத்தலிலையும் உப்பை நிரப்ப எனக்கென்ன விசரோ?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் மாமியார் மனம் குளிரும். பாயாசம் பாழாகும். யாமினி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. ரெண்டுமே உப்புதான்."

கோசலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, பிரிக்காத சீனிப் பைக்கற்றை எடுத்துப் பிரித்துப் பானையில் கொட்டினாள்.

"ஓம், ரெண்டும் உப்புதான், நான்தான் நிரப்பினனான். ஒரு மாசமா என்ரை மகன் உந்த மாதிரி ரெண்டு தகட்டுக்கு நடுவிலை சீனியைப் பிடிச்சு, 'யாமினி காட்டித் தந்தவள் அம்மா' எண்டு தன்பாட்டிலை சிரிக்கிறான். என்ரை பிழையைப் பயப்பிடாமல் முகத்துக்கு நேரை சொல்லுற நல்ல மருமகளோ எண்டு நானும் ஒருக்காப் பார்க்க வேண்டாமோ?"